அணுக்கடிகாரத்துக்கு எவ்வளவு குளிர் போதும்?

அலைவரிசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அணுக்கடிகாரங்களைப் பற்றிய கட்டுரைகளில் இரண்டு செய்திகள் எப்போதும் அடுத்தடுத்து வருகின்றன. லேசர் ஒளியைக் கொண்டு அணுக்களைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகே குளிர்விக்கிறார்கள் என்பது ஒன்று. அதனால் கடிகாரம் துல்லியமாகிறது என்பது மற்றொன்று. நடுவில் உள்ள அந்த "அதனால்" எங்கிருந்து வந்தது என்பதைப் பெரும்பாலான கட்டுரைகள் சொல்லாமலேயே கடந்துவிடுகின்றன.

1967 இல் ஏற்கப்பட்ட வரையறைப்படி, சீசியம்-133 அணுவின் அடிநிலையில் உள்ள இரண்டு மீநுண் ஆற்றல் மட்டங்களுக்கிடையே (அணுக்கருவும் எலக்ட்ரானும் காந்தமாக ஒன்றையொன்று பாதிப்பதால் பிரியும் மிக நெருங்கிய மட்டங்கள்) நிகழும் மாற்றத்துக்குரிய கதிர்வீச்சின் 9,192,631,770 அலைவுகள் நீடிக்கும் காலமே ஒரு நொடி. இந்த அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது அணுவின் உள்ளமைப்பு மட்டுமே. அணு வேகமாக ஓடினாலும் மெல்ல நகர்ந்தாலும் அதன் உள்ளமைப்பு மாறப்போவதில்லை. அப்படியானால் குளிர்விப்பதால் என்ன பயன்?

இரண்டாவது கேள்வி இதற்கு நேர் எதிரானது. குளிர்ச்சி நல்லது என்று வைத்துக்கொண்டால், 1995 இலேயே கார்னெலும் வீமனும் ரூபிடியம் அணுக்களை 170 நானோகெல்வினுக்குக் கொண்டுசென்று போஸ்-ஐன்ஸ்டைன் செறிநிலையை, அதாவது அணுக்கள் அனைத்தும் ஒரே குவாண்டம் நிலையில் திரளும் நிலையை, உருவாக்கிவிட்டார்கள். நொடியின் வரையறையை நடைமுறைப்படுத்தும் சீசியம் கடிகாரங்களோ இன்றும் ஒரு மைக்ரோகெல்வினை (1,000 நானோகெல்வினை) ஒட்டிய வெப்பநிலையிலேயே இயங்குகின்றன. மேலும் குளிர்விக்க வழி இருந்தும் ஏன் அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள்?


சீசியம்133 எழுதியது:

வணக்கம் ஐயா. அணுக்களை நீரூற்றுப் போல மேலே எறிந்து, விழும்போது அளக்கும் நீரூற்று வகைக் கடிகாரம் ஒன்றில் சில ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன் என்பதால் முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். கடிகாரத்துக்குத் தேவைப்படுவது குளிர்ச்சியே அன்று; அணுவை நீண்ட நேரம் தொந்தரவின்றிக் கேட்டுக்கொண்டிருக்கும் வாய்ப்புதான். அந்த வாய்ப்பைப் பெறுவதற்கு நமக்குத் தெரிந்த சிறந்த வழி குளிர்விப்பது.

ஓர் அதிர்வெண்ணை எவ்வளவு கூர்மையாக அளக்க முடியும் என்பது, அதை எவ்வளவு நேரம் கவனிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. நார்மன் ராம்சே 1949 இல் வகுத்த முறையில், அணு ஒரு நுண்ணலைப் புலத்தைக் கடந்து, சிறிது தொலைவு தனியாகப் பயணம் செய்து, அதே அதிர்வெண் கொண்ட இரண்டாவது புலத்தைக் கடக்கிறது. இரண்டு புலங்களுக்கும் இடைப்பட்ட நேரம் கூடக்கூட, ஒத்ததிர்வுக் கோட்டின் அகலம், அதாவது அணு பதிலளிக்கும் அதிர்வெண் பட்டையின் அகலம், அதே விகிதத்தில் குறைகிறது. அறை வெப்பநிலையில் சீசியம் அணு நொடிக்கு 200 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பறக்கிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள குழாயை அது ஏறத்தாழ 5 மில்லிநொடியில் கடந்துவிடுகிறது. கிடைக்கும் கோட்டின் அகலம் 100 ஹெர்ட்ஸ். எசனும் பேரியும் 1955 இல் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இயக்கிய முதல் சீசியம் கடிகாரமும், அதன் பின் வந்த அணுக்கற்றைக் கடிகாரங்களும் இந்தக் கட்டுப்பாட்டுக்குள்தான் இயங்கின.

இதைத் தாண்டும் எண்ணம் பழையது. 1950களில் சக்கரியாஸ் ஒரு வழியை முயன்றார்: அணுக்கற்றையை மேல்நோக்கிச் செலுத்தினால், அதில் உள்ள மிக மெதுவான அணுக்கள் சிறிது உயரம் ஏறி, ஈர்ப்பினால் திரும்பி விழும், ஏறும்போது ஒருமுறையும் இறங்கும்போது ஒருமுறையும் ஒரே நுண்ணலைக் கூட்டின் (நுண்ணலைப் புலத்தை உள்ளடக்கிய உலோகப் பெட்டியின்) வழியே அவை கடந்துசெல்லும். கணக்கு சரியானது. ஆயினும் திரும்பி விழ வேண்டிய மெதுவான அணுக்கள் கற்றையில் எஞ்சவில்லை. பின்னால் வந்த வேகமான அணுக்கள் அவற்றை மோதிச் சிதறடித்துவிட்டன. லேசர் குளிர்விப்பு வந்த பிறகு, பாரிசில் கிளெரோனின் குழுவினர் 1991 இல் சீசியம் அணுக்களைக் கொண்டு இந்த நீரூற்றை இயக்கிக் காட்டினார்கள்.

இன்றைய நீரூற்றின் ஒரு சுற்று இப்படி நடக்கிறது. ஆறு திசைகளிலிருந்து வரும் லேசர் கற்றைகள் சந்திக்கும் இடத்தில் சில மில்லியன் அணுக்கள், ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு மேகமாகச் சேர்கின்றன. செங்குத்துக் கற்றைகளின் அதிர்வெண்ணைச் சற்றே மாற்றியதும், மேகம் முழுவதும் நொடிக்குச் சுமார் 4 மீட்டர் வேகத்தில் மேலே கிளம்புகிறது. உடனே லேசர்கள் அனைத்தும் அணைக்கப்பட்டு, அவற்றின் பாதை மூடிகளாலும் அடைக்கப்படுகிறது. பறக்கும் அணுவின் மீது ஒரு துளி ஒளி பட்டாலும் அதன் அதிர்வெண் நகர்ந்துவிடும். கூட்டைக் கடந்து மேலே ஏறிய மேகம் அரை நொடிக்குப் பிறகு மறுபடியும் கூட்டுக்குள் விழுகிறது. கீழே ஒரு லேசர், எத்தனை அணுக்கள் எந்த மட்டத்தில் உள்ளன என்று அவற்றின் ஒளிர்வை வைத்து எண்ணுகிறது. அரை நொடி கிடைத்ததால் கோட்டின் அகலம் 100 ஹெர்ட்ஸிலிருந்து ஒரு ஹெர்ட்ஸுக்கு வந்துவிட்டது.

குளிர்ச்சியின் பங்கு இங்கேதான் தெரிகிறது. ஒரு மைக்ரோகெல்வினில் சீசியம் அணுவின் வேகம், ஒரு திசையில், நொடிக்கு 8 மில்லிமீட்டர் அளவே. அரை நொடியில் மேகம் 4 மில்லிமீட்டர் மட்டும் விரிகிறது. கூட்டின் சிறு துளை வழியே திரும்பி நுழைய அது போதும். நூறு மைக்ரோகெல்வினாக இருந்தால் விரிவு 4 சென்டிமீட்டராகி, பெரும்பாலான அணுக்கள் சுவரில் மோதித் தொலைந்துபோகும்.


தேன்மொழி எழுதியது:

இதனுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அணுவின் இயக்கம் அதிர்வெண்ணை மாற்றுவதில்லை என்று அலைவரிசை ஐயா சொன்னது அணுவோடு சேர்ந்து பயணம் செய்பவருக்குப் பொருந்தும். ஆய்வகத்தில் நின்று அளப்பவருக்கு அது முழுவதும் பொருந்தாது. டாப்ளர் பெயர்ச்சியை (நெருங்கும் அல்லது விலகும் இயக்கத்தால் அதிர்வெண் மாறித் தெரிவதை) ராம்சேயின் முறை பெரும்பாலும் நீக்கிவிட்டாலும், சார்பியலின்படி ஓடும் கடிகாரம் மெதுவாக நடக்கும் என்ற விளைவு எஞ்சி நிற்கிறது. அதன் அளவு வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. அறை வெப்பநிலை அணுக்கற்றையில் அது 10⁻¹³ என்ற அளவில் இருக்கிறது. நீரூற்றில் 10⁻¹⁶ க்கும் கீழே போய்விடுகிறது.

குளிர்விப்பின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி 1988. லேசர் குளிர்விப்பை ஹான்ஷும் ஷாலோவும் ஒருபுறமும், வைன்லாண்டும் டேமெல்ட்டும் மறுபுறமும் 1975 இல் முன்மொழிந்தார்கள். கோட்பாடு சோடியத்துக்கு 240 மைக்ரோகெல்வினைத் தாண்ட முடியாத எல்லையாக விதித்திருந்தது. ஸ்டீவன் சூவின் குழு 1985 இல் அந்த எல்லையை ஒட்டி வந்து சேர்ந்தது. மூன்றாண்டுகள் கழித்து வில்லியம் ஃபிலிப்ஸின் குழு அளந்தபோது 40 மைக்ரோகெல்வின் வந்தது. சோதனைகள் கணிப்பை விட மோசமாக அமைவதே வழக்கம். இங்கே இயற்கை கணிப்பை விடத் தாராளமாக நடந்துகொண்டது. எல்லையை வகுத்த கணக்கில் அணுவுக்கு இரண்டே மட்டங்கள் இருந்தன. உண்மையான அணுவின் அடிநிலையில் பல உள்மட்டங்கள் உண்டு. ஒளியின் முனைவாக்கம் இடத்துக்கு இடம் மாறும்போது அணு ஒவ்வொரு முறையும் ஓர் ஆற்றல் மேட்டில் ஏறி, உச்சியில் அந்த ஆற்றலை ஒளியிடம் இழந்து, மறுபடியும் அடிவாரத்திலிருந்து ஏறத் தொடங்குகிறது. இதை தாலிபாரும் கோஹென்-தனூஜியும் 1989 இல் விளக்கினார்கள். சூ, கோஹென்-தனூஜி, ஃபிலிப்ஸ் மூவருக்கும் 1997 இல் நோபல் பரிசு கிடைத்தது. சீசியம் ஓரிரு மைக்ரோகெல்வினுக்கு வந்து, நீரூற்று நடைமுறைக்கு வந்ததற்கு அந்த எதிர்பாராத 40 தான் காரணம்.


அலைவரிசை எழுதியது:

இருவருக்கும் நன்றி. "அதனால்" இப்போது தெளிவாகிவிட்டது. சீசியம்133 சொன்னதை வைத்து ஒரு சிறு கணக்குப் போட்டேன். கூட்டுக்கு மேலே அரை நொடி கிடைக்க 30 சென்டிமீட்டர் உயரம் போதும். ஒரு நொடி வேண்டுமானால் 1.2 மீட்டர். பத்து நொடி வேண்டுமானால் 120 மீட்டருக்கும் மேல்! நேரத்தின் இருமடிப்படி உயரம் வளர்வதால், எவ்வளவு குளிர்வித்தாலும் ஈர்ப்புவிசை வழியை அடைக்கிறது. அணுவை எறிந்து பிடிக்கும் முறைக்கு இதுவே இயல்பான எல்லை என்று புரிந்துகொள்ளலாமா? செறிநிலையைப் பற்றிய என் இரண்டாவது கேள்வியும் காத்திருக்கிறது.


சீசியம்133 எழுதியது:

கணக்கு சரி. விண்ணுக்குச் சென்றால் மட்டும் இந்த எல்லை தளரும். எடையற்ற நிலையில் அணுக்களை மிக மெதுவாகத் தள்ளிவிட்டால் போதும். சீனா 2016 இல் தியான்கோங்-2 விண்வெளி ஆய்வகத்தில் ரூபிடியம் குளிரணுக் கடிகாரத்தை இயக்கியது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஏசஸ் தொகுதியில் உள்ள ஃபாரோ என்ற சீசியம் கடிகாரம் ஏப்ரல் 2025 இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்றது.

செறிநிலைக்கு வருகிறேன். இந்த இழையில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: குளிர்விக்கக் குளிர்விக்க அணுவின் ஓட்டம் குறைகிறது, அதே வேளையில் அக்கம்பக்கத்து அணுக்களின் தொல்லை கூடுகிறது.

அறை வெப்பநிலையில் சீசியம் அணுவின் டிப்ராய் அலைநீளம் (குவாண்டம் இயற்பியலில் ஒவ்வொரு துகளுக்கும் உரிய அலையின் நீளம்; வேகம் குறைந்தால் அது நீளும்) அந்த அணுவின் அளவை விடச் சிறியது. அதனால் இரண்டு அணுக்கள் மோத வேண்டுமானால் அவை உண்மையாகவே நெருங்கி வர வேண்டும். ஒரு மைக்ரோகெல்வினில் அலைநீளம் நூற்றுக்கணக்கான நானோமீட்டருக்கு நீண்டு, அணுவின் அளவைப் போல் நூற்றுக்கணக்கான மடங்காகிவிடுகிறது. மோதலுக்கான வாய்ப்பை இனி அணுவின் அளவு தீர்மானிப்பதில்லை, அதன் அலைதான் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு மோதலும் இரண்டு மட்டங்களையும் வெவ்வேறு அளவில் நகர்த்துவதால் கடிகாரத்தின் அதிர்வெண் பெயர்கிறது. சீசியத்தில் இந்தப் பெயர்ச்சி வியக்கத்தக்க அளவு பெரியது என்று கிபிளும் சூவும் 1993 இல் அளந்து காட்டினார்கள்.

எனவே எங்கள் அன்றாடப் பணியில் ஒரு பெரும் பங்கு, அணுக்களின் எண்ணிக்கையோடு மல்லுக்கட்டுவதே. சில சுற்றுகள் நிறைய அணுக்களோடும், அடுத்த சில சுற்றுகள் குறைவான அணுக்களோடும் மாற்றிமாற்றி இயக்கி, இரண்டுக்கும் உள்ள அதிர்வெண் வேறுபாட்டைக் கொண்டு அணுக்களே இல்லாவிட்டால் என்ன அதிர்வெண் வந்திருக்கும் என்று கணித்துக்கொள்கிறோம். ரூபிடியம்-87 இல் இந்தப் பெயர்ச்சி சீசியத்தைக் காட்டிலும் பல பத்து மடங்கு குறைவு. நீரூற்றுக்கு மட்டும் என்றால் ரூபிடியமே மேலான அணு.

செறிநிலையில் அணுக்கள் ஒரே குவாண்டம் நிலையில் நெருங்கி நிற்கின்றன. அங்கே அடர்த்தி, நீரூற்று மேகத்தின் அடர்த்தியைப் போல் பல மில்லியன் மடங்கு. மிகக் குளிர்ந்த அந்த நிலைதான் இத்தகைய கடிகாரத்துக்கு மிகவும் கூச்சலான இடம். அதுமட்டுமன்றி, செறிநிலையை அடைய, வேகமான அணுக்களை வெளியேற்றி ஆவியாக்கிக் குளிர்விப்பதில் பெரும்பாலான அணுக்களை இழக்க வேண்டும், அதற்குப் பல நொடிகளும் செலவாகும். அந்த நொடிகளில் கடிகாரம் எதையும் அளக்காமல் சும்மா இருக்கிறது. இடைவெளி கூடினால் உள்ளூர் அலைவியின் (அணுவோடு ஒப்பிட்டுத் திருத்தப்படும் நுண்ணலை மூலத்தின்) இரைச்சல் அளவீட்டுக்குள் புகுந்துவிடும்.


மெய்ப்பொருள் எழுதியது:

பொறியியல் பக்கத்திலிருந்து ஓர் ஐயம். "30 கோடி ஆண்டுகளில் ஒரு நொடி பிசகும்" என்று அறிவிப்புகளில் எழுதுகிறார்கள். எந்தக் கடிகாரமும் அவ்வளவு காலம் ஓடப்போவதில்லை. ஒப்பிடுவதற்கு அதை விடச் சிறந்த கடிகாரமும் இல்லாதபோது, இந்த எண் எங்கிருந்து வருகிறது? சரிபார்க்க முடியாத ஒன்றை எப்படி அளவீடு என்று ஏற்பது?


சீசியம்133 எழுதியது:

நியாயமான கேள்வி. அந்த எண் ஒரு வருவதுரைத்தல் அன்று. 10⁻¹⁶ என்ற பிழை வரம்பை ஆண்டுக் கணக்கில் மாற்றி எழுதியது மட்டுமே. பிழை வரம்பைக் கண்டடைவது ஒரு தணிக்கை வேலை. அணுவின் அதிர்வெண்ணை நகர்த்தக்கூடிய காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதை வேண்டுமென்றே பெரிதாக்கிப் பார்த்து, பெயர்ச்சி எந்த விதிப்படி மாறுகிறது என்று அளந்து, திருத்தத்தையும் அந்தத் திருத்தத்தில் எஞ்சும் ஐயத்தையும் பதிவு செய்கிறோம். காந்தப்புலம், மோதல், நுண்ணலைக் கசிவு, ஈர்ப்பு என்று பட்டியல் நீளும். எல்லா ஐயங்களையும் முறைப்படி கூட்டினால் வருவதுதான் அந்த எண். தனித்தனியாகக் கட்டப்பட்ட இரண்டு கடிகாரங்களை ஒப்பிட்டு, வேறுபாடு இருவரும் அறிவித்த வரம்புக்குள் நிற்கிறதா என்றும் பார்க்கிறோம். நிற்காவிட்டால் யாரோ ஒருவருடைய பட்டியலில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

அந்தப் பட்டியலில் நீண்ட காலம் எங்களைத் துன்புறுத்தியது, அணுவைச் சுற்றியுள்ள சுவர். அணுக்கள் ஒரு மைக்ரோகெல்வினில் இருந்தாலும், அவை பறக்கும் குழாயின் சுவர் 300 கெல்வினில் இருக்கிறது. சுவர் வெளியிடும் கரும்பொருள் கதிர்வீச்சில் அணு எந்நேரமும் நனைந்துகொண்டிருக்கிறது. சீசியத்தின் அதிர்வெண்ணை அது 1.7 × 10⁻¹⁴ அளவுக்கு நகர்த்துகிறது. இது வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், சுவரின் வெப்பநிலையில் ஒரு கெல்வின் பிசகினாலே 2 × 10⁻¹⁶ க்கு மேல் பிழை வந்துவிடும். அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் 2014 இல் அறிமுகப்படுத்திய நிஸ்ட்-எஃப்2 நீரூற்றில் குழாயையே நீர்ம நைட்ரஜனால் 80 கெல்வினுக்குக் குளிர்வித்தார்கள்; பெயர்ச்சி ஏறத்தாழ 200 மடங்கு குறைந்தது. அணுக்களைக் குளிர்விப்பதில் தொடங்கிய துறை, கடைசியில் அவை இருக்கும் வீட்டைக் குளிர்விக்க வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தது.


தேன்மொழி எழுதியது:

அலைவரிசை ஐயா கேட்ட "இயல்பான எல்லை"யை வேறொரு வழியில் கடந்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அணுவை எறிவதற்குப் பதில், ஒளியாலேயே தாங்கிப் பிடிப்பது. எதிரெதிரே வரும் லேசர் கற்றைகள் உருவாக்கும் நிலையலையில், அலைநீளத்தின் பாதியளவு இடைவெளியில் வரிசையாகப் பள்ளங்கள் அமைகின்றன. இதை ஒளிப்பின்னல் என்கிறோம். அதில் அமரும் அணு கீழே விழுவதில்லை; அதன் ஊசலாட்டம் ஒளியின் அலைநீளத்தை விட மிகச் சிறியதாக ஒடுங்கிவிடுவதால் டாப்ளர் பெயர்ச்சியும் மறைந்துவிடுகிறது.

இதற்கு எழும் தடை உடனே புரியும். பறக்கும் அணுவின் மீது ஒரு துளி ஒளி படக்கூடாது என்று மூடிகள் வைத்தவர்கள், இப்போது அணுவை வலிமையான ஒளிக்குள்ளேயே உட்கார வைக்கிறார்கள். ஹிடெடோஷி கட்டோரி 2001 இல் முன்மொழிந்த தீர்வு மிகவும் அழகானது. ஒளி இரண்டு மட்டங்களையும் நகர்த்தத்தான் செய்யும். இரண்டையும் சரிசமமாக நகர்த்தும் ஓர் அலைநீளத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அவற்றுக்கிடையேயான வேறுபாடு மாறாது. ஸ்ட்ரான்சியத்துக்கு அந்த "மாய அலைநீளம்" 813 நானோமீட்டர்.

ஸ்ட்ரான்சியம் ஆய்வகத்தில் வெற்றிடக் கலத்தின் சன்னல் வழியே பார்த்தால், 461 நானோமீட்டர் ஒளியில் சிக்கிய அணுக்கள் ஒரு சிறு நீலப் புள்ளியாக ஒளிர்வதை வெறுங்கண்ணாலேயே காணலாம். அந்தப் புள்ளி இன்னும் ஒரு மில்லிகெல்வினை ஒட்டிய வெப்பத்தில் இருக்கிறது. பிறகு நீலம் அணைந்து, 689 நானோமீட்டர் சிவப்பு ஒளி பொறுப்பேற்றுக்கொள்கிறது. மேகம் சுருங்கி மைக்ரோகெல்வின் அளவுக்கு வந்து ஒளிப்பின்னலுக்குள் இறங்குகிறது. கடிகார மாற்றம் 698 நானோமீட்டரில், ஏறத்தாழ 429 டெராஹெர்ட்ஸில் நிகழ்கிறது. அது சீசியத்தின் அதிர்வெண்ணைப் போல் 46,000 மடங்குக்கும் மேல். அவ்வளவு வேகமான அலைவுகளை எந்த மின்னணுச் சுற்றாலும் எண்ண முடியாது. ஹாலுக்கும் ஹான்ஷுக்கும் 2005 இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த அதிர்வெண் சீப்புதான் (சம இடைவெளியில் அமைந்த பல அதிர்வெண்களைக் கொண்ட லேசர் ஒளி) அதை எண்ணக்கூடிய நுண்ணலையாக இறக்கித் தருகிறது.

மோதல் தொல்லைக்கும் இங்கே ஓரளவு விடை இருக்கிறது. ஸ்ட்ரான்சியம்-87 ஒரு ஃபெர்மியான், அதாவது ஒரே குவாண்டம் நிலையை இரண்டு துகள்கள் பகிர முடியாத வகை; பகிரக்கூடிய வகை போசான். ஒரே நிலையில் உள்ள இரண்டு ஃபெர்மியான்கள் இந்தக் குளிரில் நெருங்கி மோதுவதைப் பௌலி விதி தடுக்கிறது. தடை முழுமையானது அன்று. எல்லா அணுக்களையும் லேசர் ஒரே மாதிரி தூண்டாவிட்டால் மோதல் மீண்டும் தலைகாட்டும். ஆகவே கொலராடோவில் உள்ள ஜிலா ஆய்வகத்தின் குழு 2017 இல் முப்பரிமாணப் பின்னலில் பள்ளத்துக்கு ஓர் அணு என்று பிரித்து வைத்து இயக்கியது. அந்தக் கடிகாரத்தில் இருந்தது நானோகெல்வின் அளவுக்குக் குளிர்ந்த ஃபெர்மி வளிமம். மிகையான குளிர் கடிகாரத்துக்கு ஆகாது என்பதை விட, நெரிசலோடு வரும் குளிர் ஆகாது என்பதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது.


சீசியம்133 எழுதியது:

ஏற்கிறேன். செறிநிலையைப் பற்றி நான் எழுதியது போசான்கள் நெருங்கி நிற்கும் நிலைக்குத்தான் பொருந்தும்.


நிலமட்டம் எழுதியது:

நான் புவிஅளவையியல் துறையைச் சேர்ந்தவன். இந்தக் கடிகாரங்களைப் பயன்படுத்தக் காத்திருப்பவர்களில் ஒருவன். பொதுச் சார்பியலின்படி, புவியின் பரப்பில் ஒரு மீட்டர் மேலே வைத்த கடிகாரம் 1.1 × 10⁻¹⁶ பங்கு வேகமாக நடக்கிறது. 2010 இல் கொலராடோவில் அலுமினியம் அயனிக் கடிகாரங்கள் இரண்டில் ஒன்றை 33 சென்டிமீட்டர் உயர்த்தி, அந்த வேறுபாட்டை அளந்தார்கள். கட்டோரியின் குழு எடுத்துச்செல்லக்கூடிய இரண்டு ஸ்ட்ரான்சியம் கடிகாரங்களைக் கொண்டு, டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தின் அடிக்கும் 450 மீட்டர் உயரத்துக்கும் இடையே மேலே உள்ளது நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 நானோநொடி முந்துவதை அளந்து 2020 இல் வெளியிட்டது. 2022 இல் ஜிலா குழுவினர் ஒரே மேகத்துக்குள், ஒரு மில்லிமீட்டர் உயர வேறுபாட்டிலேயே இதைக் கண்டார்கள்.

எங்களுக்கு இது ஒரு புதிய மட்டக்கருவி. மலைத்தொடருக்கு இருபுறமும் உள்ள இரண்டு இடங்களில் எது உயரம் என்பதை, நீர் எந்தப் பக்கம் ஓடும் என்ற பொருளில், சென்டிமீட்டர் துல்லியத்தோடு சொல்வது கடினம். படிப்படியாக மட்டம் எடுத்துச் சென்றால் தொலைவோடு பிழை சேர்ந்துகொண்டே போகும். இரண்டு கடிகாரங்களை ஒளியிழையால் இணைத்தால் ஈர்ப்பழுத்த வேறுபாடு (உயரத்தைத் தீர்மானிக்கும் ஈர்ப்பாற்றல் வேறுபாடு) நேரடியாகக் கிடைத்துவிடும். பாரிசிலும் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கிலும் உள்ள ஸ்ட்ரான்சியம் கடிகாரங்களை 1,400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட இழையால் இணைத்து ஒப்பிட்ட முடிவுகள் 2016 இல் வெளிவந்தன.

ஆனால் கடிகாரக் குழுவினர் கவனிக்க வேண்டிய மறுபக்கமும் உண்டு. 10⁻¹⁸ துல்லியம் கொண்ட கடிகாரம் தன் உயரத்தை ஒரு சென்டிமீட்டருக்குள் அறிந்திருக்க வேண்டும். நிலவின் ஈர்ப்பால் திடநிலமே நாள்தோறும் பல சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது. இத்தகைய கடிகாரங்களை ஒப்பிடுபவர்கள் எங்கள் ஓதக் கணக்குகளைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.


அலைவரிசை எழுதியது:

மிக்க நன்றி. ஓட்டம், நெரிசல், சுவரின் வெப்பம், நிலத்தின் உயரம் என்று தொல்லைகள் வரிசையாக இடம் மாறி வருவதை இப்போது ஒரே கோட்டில் பார்க்க முடிகிறது. கடைசியாக ஒன்று. ஒளியியல் கடிகாரங்கள் சீசியத்தைத் தாண்டிவிட்ட நிலையில், நொடியின் வரையறை எப்போது மாறும்? மாறினால் நொடியின் நீளமும் மாறுமா?


சீசியம்133 எழுதியது:

எடைகள் அளவைகள் பொது மாநாடு 2022 இல் மறுவரையறைக்கான பணிகளை முடுக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. 2030 மாநாட்டை இலக்காகக் கொண்டு பேச்சு நடக்கிறது. தாமதத்துக்குக் காரணம் எந்த அணு என்பதில் ஒருமித்த முடிவு இல்லாததே. ஸ்ட்ரான்சியம் பின்னலில் ஆயிரக்கணக்கான அணுக்கள் ஒரே நேரத்தில் பேசுவதால், சிறிது நேரச் சராசரியிலேயே இரைச்சல் அடங்கிவிடுகிறது. ஒற்றை அலுமினியம் அயனியோ சுற்றுப்புறத்துக்கு மிகக் குறைவாகவே அசைந்துகொடுக்கும், ஆனால் ஒரே ஓர் அயனியைக் கேட்பதால் நாள்கணக்கில் சராசரி எடுக்க வேண்டும். 2025 இல் அலுமினியம் கடிகாரத்தின் பிழை வரம்பு 5.5 × 10⁻¹⁹ ஆகக் குறைந்தது. 2024 இல் ஜிலாவின் ஸ்ட்ரான்சியம் 8.1 × 10⁻¹⁹ ஐ எட்டியிருந்தது. ஆண்டுதோறும் முன்னணி மாறும்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிலைநிறுத்துவது எளிதன்று. அதனால் ஒரே அணுவைத் தேர்வது, பல அணுக்களின் அதிர்வெண்களை எடையிட்டுச் சேர்த்து வரையறுப்பது என இரண்டு வழிகளும் பரிசீலனையில் உள்ளன. தனிப்பட்ட முறையில் எனக்கு ஒரே அணு என்பதில்தான் விருப்பம். எந்த ஆய்வகமும் தனியாகக் கட்டி இயக்கக்கூடியதாக வரையறை இருக்க வேண்டும்.

நொடியின் நீளம் மாறாது. 1967 இன் எண்ணும் அப்படித்தான் வந்தது. 1955 முதல் 1958 வரை, நிலவின் இயக்கத்தை வைத்து அறிந்த நொடியோடு சீசியத்தை ஒப்பிட்டபோது 9,192,631,770 என்ற எண்ணும், அதன் இருபுறமும் 20 அலைவுகள் என்ற ஐயமும் கிடைத்தன. ஐயத்தை விட்டுவிட்டு எண்ணை வரையறையாக்கினார்கள். ஸ்ட்ரான்சியம் தேர்வானால், சீசியத்தை வைத்து அளந்த 429,228,004,229,873 ஹெர்ட்ஸ் என்ற எண்ணின் கடைசி இலக்கங்களில் உள்ள ஐயமும் அதே போல் நீங்கிவிடும். அதன் பிறகு ஐயம் சீசியத்தின் பக்கம் போய்ச் சேரும். 9,192,631,770 என்பது அளந்து அறிய வேண்டிய எண்ணாக மாறும். எங்கள் நீரூற்றுகள் அப்போதும் ஓடும். நுண்ணலைக் கடிகாரங்கள் மாதக்கணக்கில் நிற்காமல் இயங்கக்கூடியவை, ஒளியியல் கடிகாரங்கள் பலவற்றுக்கு அந்தத் தொடர்ச்சி இன்னும் கைகூடவில்லை.